வயிற்றில் நின்ற மருந்து

நேற்றுக் காலையில் குடித்த கூழ் இன்று சாயங்காலம் அப்படியே வெளியே வந்தது. நடுவில் தின்ற சோறும் பருக்கை குலையாமல் வந்தது. ஆதிகேசவன் வாசலில் குந்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கக்கி முடிக்கும்வரை அவன் முதுகைத் தாங்கிப் பிடித்திருந்தாள் அவன் மனைவி பூவம்மாள்.

ஆறு மாதமாக இதே கதை. திருத்தணி மலையடிவாரத்தில் கூலிக்கு ஏர் ஓட்டிப் பிழைத்த ஆள் அவன். நெல் மூட்டையைத் தனியாகத் தூக்கி வண்டியில் போட்டவன், இப்போது தன் உடம்பைத் தூக்கவே துணை தேடினான். யுத்தம் முடிந்த மறுவருடம் அது. அளந்து போடுகிற ரேஷன் அரிசியைப் பொங்கிப் போட்டால், அது மறுநாள் மண்ணுக்குப் போயிற்று.

என்ன நோய் என்று தெருவில் யாரும் கேட்கவில்லை. தெருவுக்குத்தான் எல்லாம் தெரியுமே! "பூவம்மா மருந்து வெச்சிட்டா" என்றது தெரு.

மருந்து என்றால் நோயைத் தீர்ப்பது என்று நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தத் தெருவில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருளும் உண்டு. புருஷனைக் கைக்குள் போட்டுக்கொள்ள, பெண்டாட்டி சோற்றில் கலந்து கொடுப்பதற்குப் பெயர் மருந்து. அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு வேர்விட்டு வளருமாம். தின்றதையெல்லாம் அது தடுத்து நிறுத்துமாம். தின்றவன் பெண்டாட்டி சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவானாம். மூன்று வேளையும் பெண்ணின் கையால் தின்ன வேண்டும், ஆனால் அந்தக் கையை மட்டும் நம்பக் கூடாது என்று எந்தப் புண்ணியவான் சொல்லிவைத்தானோ!

பூவம்மாள் மேல் பழி விழுந்ததற்கு வாந்தி ஒரு சாக்கு. உண்மையான குற்றம் வேறு. ஒரு பெண் குழந்தையோடு அவளுக்குப் பிள்ளைப்பேறு நின்றுபோயிற்று. ஆண் வாரிசுக்காக இன்னொருத்தியைக் கட்டிக்கொள் என்று ஆதிகேசவனின் தாய் கெங்கம்மாள் சொன்னபோது, "பூவுக்கு இஷ்டம் இல்லாம முடியாது" என்றான் அவன். ஓர் ஆண்பிள்ளை பெண்டாட்டியின் இஷ்டத்தைக் கேட்பதா? அப்போதே தெரு முணுமுணுத்தது. வாந்தி வந்ததும் வாய்விட்டே சொல்லிவிட்டது.

கெங்கம்மாள் வேறு யாரோ அல்ல. பூவம்மாளின் அப்பாவோடு பிறந்த அத்தை. அத்தை மகனை அவள் பிறந்ததிலிருந்து 'பாவா' என்றுதான் கூப்பிடுவாள். தூக்கி வளர்த்த அத்தையே, "என் புள்ளைக்கு இன்னாடி போட்ட?" என்று கேட்ட அன்று பூவம்மாள் அழவில்லை. "சோறு போட்டேன் அத்தே. உனக்கும் அதே சட்டியிலருந்துதான் போட்டேன். உனக்கு ஏன் மருந்து ஏறல?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததால் அதையே இன்னொரு குற்றமாக வைத்துக்கொண்டார்கள். வாய் நீளம்!

நகரிப் பக்கத்திலிருந்து நாகேந்திரன் என்று ஒருவன் கிருத்திகைக்குக் கிருத்திகை வருவான். கையில் செப்புக் காப்பு, தலையில் காவித் தலைப்பாகை, எப்போதும் வாய் நிறைய வெற்றிலை. மருந்து எடுப்பது அவன் தொழில். ஆதிகேசவனைப் படுக்கவைத்து, தொப்புளில் வாயை வைத்து உறிஞ்சி, பித்தளைத் தட்டில் துப்புவான். கறுப்பாக, பிசுபிசுவென்று, மயிர் சுற்றிய உருண்டை ஒன்று விழும். பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். மூன்று தடவை எடுத்தான். மூன்று தடவையும் உருண்டை வந்தது. வாந்தி மட்டும் நிற்கவில்லை.

"வேரு உள்ளாற நிக்குது. வெச்ச கை வூட்டுல இருக்கிற வரிக்கும் அது தழைச்சிகினேதான் இருக்கும்" என்றான் நாகேந்திரன். தன் வைத்தியம் பலிக்காததற்கு ஒரு பெண்ணைத் துரத்துவதுதான் பரிகாரம் என்று அவன் சொன்னதைக் கேட்டு ஒருவரும் சிரிக்கவில்லை.

சாவடியில் பஞ்சாயத்து கூடியது. தெருவின் நாட்டாண்மை ஜெகநாதன் நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் கூட்டத்தில் உட்கார்ந்தால் எவ்வளவு அநியாயம் செய்ய முடியும் என்பதற்கு அவரைப் போல ஆயிரம் பேரைக் காட்டலாம். பூவம்மாள் தாலியைக் கழற்றி வைத்துவிட்டுப் பிறந்தகம் போக வேண்டும், ஐந்து வயது மகள் மணியம்மை அப்பன் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று சொல்லத் தொண்டையைச் செருமினார். பூவம்மாள் முந்திக்கொண்டாள்.

"நைனா, ஒரு பேச்சு. நம்ப ஊரு ஆஸ்பத்திரி டாக்டரு ஒரு சீட்டு குடுத்திருக்காரு. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில வயித்துக்குள்ள இருக்கிறத அப்படியே படம் புடிக்கிறாங்களாம். படத்துல நான் வெச்ச மருந்து தெரிஞ்சா, தாலியக் கழட்டி இந்தச் சாவடிக் கல்லு மேல வெச்சிட்டுப் போயிடறேன். பொண்ணையும் கேக்கல. தெரியலேன்னா?"

தெரியாவிட்டால் என்ன செய்வது என்று அங்கே யாரும் யோசித்திருக்கவில்லை.

"தெரியலேன்னா நீ இருந்துக்க" என்றார் நாட்டாண்மை.

"சாட்சி யாரு?"

சாட்சிக்கு ஆதிகேசவனின் தம்பி பெருமாள் போவதென்று முடிவாயிற்று. பெருமாள் பொய் சொல்லத் தெரியாதவன். ஆனால் காதில் விழுந்ததை அரைகுறையாய்ப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவன். அது எத்தனை பெரிய ஆபத்து என்று பூவம்மாளுக்கு அன்றைக்குத் தெரியாது.

பட்டணத்துக்குப் போய்ச் சீட்டைக் காட்டி, நாள் வாங்கிக்கொண்டு வந்தாள். படத்துக்குத் தயாராவது எப்படி என்று அங்கே ஒரு நர்சம்மா அவளுக்கு இரண்டு தடவை சொல்லி, மூன்றாம் தடவை அவளையே திருப்பிச் சொல்லவைத்தாள். முதல் நாள் பொழுது சாய நீர்க்கஞ்சி. அதோடு சரி. பிறகு தண்ணீர் கூடாது. வெற்றிலை, புகையிலை கூடாது. நாக்கில் ஒன்றும் படக் கூடாது. வயிறு கழுவி வைத்த சட்டிபோல இருக்க வேண்டும்.

இதைக் கேட்டதும் கெங்கம்மாள், "கிருத்திகை வெரதந்தானே? எனக்குத் தெரியாதா? பாலும் பழமும் சாப்பிடலாம்" என்றாள்.

"இது சாமிக்கு இருக்கிற வெரதம் இல்ல அத்தே. சாமிதான் பாலு பழத்துக்குக் கண்ண மூடிக்கும். மிஷினு மூடிக்காது."

"சாமிய விட மிஷினு ஒசத்தியாடி?"

"ஒசத்தியோ தாழ்த்தியோ, மிஷினு ஆளப் பாத்துப் பேசாது."

புறப்படுகிற அன்று கெங்கம்மாள் மகன் இடுப்பில் நாகேந்திரன் கொடுத்த தாயத்தைக் கட்டினாள். பெருமாளின் துணிப்பையில் விபூதிப் பொட்டலம் ஒன்றைச் செருகி, "படம் எடுக்கறதுக்கு மின்ன ஒரு சிட்டிக வாயில போட்டுடு" என்றாள். பூவம்மாள் பார்த்தும் பாராததுபோல இருந்தாள். அரக்கோணத்தில் வண்டி மாறும்போது, பெருமாள் பையை அவளிடம் விட்டுவிட்டுச் சோடா குடிக்கப் போன நேரத்தில் பொட்டலம் அவள் மடிக்கு இடம் மாறியது.

ஆஸ்பத்திரியில் அன்று மாலை ஆதிகேசவனின் வாய்வழியே ரப்பர்க் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். பேசின் நிறைந்தது. சாட்சி பெருமாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, குனிந்து குனிந்து அதைப் பார்த்தான்.

"இன்னாடா தேடற?" என்றான் ஆதிகேசவன், குழாய் போன தொண்டையோடு.

"கறுப்பா இன்னாமோ..."

"அது முந்தாநாளு தின்ன வேர்க்கடலத் தோலு, பெருமாளு" என்றாள் பூவம்மாள். "வேணும்னா எடுத்து நாட்டாண்மைக்குக் கொண்டு போ."

ஆதிகேசவன் சிரித்தான். ஆறு மாதத்தில் அவன் சிரித்து அவள் பார்த்தது அதுதான். கழுவுவதற்கு முன்பே நீர்க்கஞ்சியோடு அன்றைய ஆகாரம் முடிந்திருந்தது. ஆண்கள் வார்டில் அவளைத் தங்கவிடவில்லை. வராந்தாவில் இருந்தபடியே, தண்ணீர்ப் பானை எந்தப் பக்கம் இருக்கிறது, பெருமாள் எந்தப் பக்கம் இருக்கிறான் என்று பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலை படம் எடுக்கும் அறைக்குப் போனார்கள். ஜன்னலெல்லாம் கறுப்புத் துணியால் மூடியிருந்தது. டாக்டர் சிவப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். இருட்டுக்குக் கண்ணைப் பழக்குகிறாராம். படம் எடுக்கிற ராஜமாணிக்கம் கலகலப்பான பட்டணத்து ஆசாமி.

"இன்னா நைனா, இடுப்புல இன்னா பெரிய கல்லாப்பொட்டியே கட்டிகினு வந்துகிற? கழட்டு, கழட்டு."

ஆதிகேசவனின் கை தாயத்தின் மேலேயே நின்றது. "இது... கழட்டக் கூடாதுன்னு சொல்லி..."

"வெளில இருக்கற தகடு படத்துல உள்ளாற இருக்கற மாதிரியே வுழும். அப்பால டாக்டரு தாயத்துக்குத்தான் ஆபரேஷன் பண்ணணும்."

பூவம்மாள் முன்னே வந்து முடிச்சை அவிழ்த்தாள். அந்தப் பேச்சு அவள் மனத்தில் பதிந்தது: வெளியே ஒட்டியிருப்பதை எடுக்காமல் பார்த்தால், அது உள்ளே இருப்பதுபோலத் தெரியும்!

முதலில் வெறும் வயிற்றோடு ஒரு படம் எடுத்தார்கள். பிறகு ராஜமாணிக்கம் ஒரு பெரிய கோப்பையில் சுண்ணாம்புக் கரைசல்போல வெள்ளையாகக் கெட்டியாக ஒன்றைக் கலக்கிக்கொண்டு வந்தான். படத்தில் வயிறு தனியே தெரியாது, இது போய் நிரம்பினால்தான் வயிற்றின் உருவம் வெள்ளையாகத் தெரியும் என்றான். ஆதிகேசவன் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"வூடு வெள்ளையடிக்கிறத வயித்துல அடிக்கிறீங்களே, ஐயா."

"குடி நைனா. உள்ளாற போயி வெளிச்சம் காட்டும்."

அவனை ஒரு தகட்டுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். விளக்கு அணைந்தது. டாக்டரின் கை வயிற்றை அங்கும் இங்கும் அழுத்துவது நிழலாகத் தெரிந்தது. அது முடிந்ததும், ஆறு மணி நேரம் எதுவும் தின்னாமல் குடிக்காமல் இருந்துவிட்டு இன்னொரு படத்துக்கு வரச் சொன்னார்கள்.

பகல் திரும்பியது. கடைசிப் படமும் எடுத்தாயிற்று. ஆதிகேசவனுக்கு மயக்கம் வரும்போல இருந்ததால், அவனை உள்ளே பெஞ்சியில் சாய்த்துச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தாள் பூவம்மாள். வெளியே, நிலைப்படியருகில், ராஜமாணிக்கம் ஈரம் சொட்டுகிற படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பக்கத்திலிருந்த கம்பவுண்டரிடம் சொன்னான்:

"பாத்தியா? ஆறு மணி நேரம் ஆயிடுச்சி. மருந்து அப்படியே வயித்துலயே நிக்குது. ஒரு சொட்டு நவுரல."

நிலைப்படியில் பெருமாள் நின்றுகொண்டிருந்தான்.

"எதுங்க மருந்து?" என்று கேட்டான்.

"இதோ, வெள்ளையா மூட்ட மாதிரி நிக்குது பாரு, அதான்."

பெருமாள் எட்டிப் பார்த்தான். அண்ணன் வயிற்றில், சுரைக்காய் அளவுக்கு, வெள்ளை வெளேரென்று மருந்து! நாகேந்திரன் சொன்னது சரிதான்; வேர்விட்டு, தழைத்து, நிரம்பி நிற்கிறது. அவன் வேறெதையும் கேட்கவில்லை. பூவம்மாள் வெளியே வந்தபோது பெருமாளின் மேல்துண்டு மட்டும் வராந்தா பெஞ்சியில் கிடந்தது; ஆள் ரயிலடிக்கு ஓடிவிட்டான்.

"உங்க கூட வந்தவரு, 'மருந்து இருக்குதுங்களே, மருந்து இருக்குதுங்களே'ன்னுகினே ஓடறாரு. இன்னாம்மா சமாசாரம்?" என்றான் ராஜமாணிக்கம்.

பூவம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. மருந்து! அந்த வெள்ளைக் கரைசலுக்கும் அதே பேர்தானா? சாவடியில் 'மருந்து தெரிந்தால் தாலியைக் கழற்றுகிறேன்' என்று அவள் வாயாலேயே சொல்லியிருக்கிறாள். மருந்தைக் கொடுத்துத்தான் படமே எடுப்பார்கள் என்று அவளுக்கு யார் சொன்னது? தன் கழுத்துக்குத் தானே கயிறு திரித்துக்கொடுத்ததுபோல ஆயிற்று.

பெஞ்சியில் கிடந்த துண்டை எடுத்து மடித்து வைத்தாள். பிறகு, சிவப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எழுதிக்கொண்டிருந்த டாக்டரிடம் நேரே போனாள்.

டாக்டர் நோயைச் சொன்னார். இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகிற வாயில் பழைய புண் ஆறி, தழும்பு இறுகி, வழி அடைத்துவிட்டது. அதனால்தான் தின்றது நிற்கிறது. நிரம்பியதும் வெளியே வருகிறது. ஆபரேஷன் செய்து பக்கத்தில் புது வழி வைத்தால் பிழைத்துக்கொள்வான். அதுவரை வார்டிலேயே இருக்கட்டும்.

"யாரு வெச்சதுங்க அந்தப் புண்ணு?" என்று கேட்டாள் பூவம்மாள்.

டாக்டருக்குக் கேள்வி புரியவில்லை. "யாரும் வைக்கலம்மா. தானா வர்றது. இந்தப் பக்கம் நூத்துக்கணக்கில பாக்கறோம்."

"அத்தன பேரு பெண்டாட்டியும் மருந்து வெச்சிருக்க முடியாதுதானுங்களே?"

அப்போதுதான் அவள் முழுவதையும் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த ராஜமாணிக்கம் முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். மணியம்மையை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்கிற இடம் வந்ததும் சிரிப்பு நின்றது. அவனே உள்ளே போய் இரண்டு படங்களை எடுத்துவந்தான். ஒன்று, கோப்பையைக் குடிப்பதற்கு முன் எடுத்தது. மற்றது, ஆறு மணி நேரம் கழித்து எடுத்தது. ஆபரேஷனுக்கு முன் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனையோடு டாக்டர் ஒப்புக்கொண்டார்.

ஆதிகேசவன் கட்டிலிலிருந்து எழப் பார்த்தான். "நானும் வரேன் பூவு. நானே சாவடியில சொல்றேன், எம் பொண்டாட்டி மேல தப்பில்லன்னு."

"நீ வந்து எனக்குப் பரிஞ்சி பேசினா, 'பாரு, மருந்து பேசுது'ன்னுவாங்க, பாவா. நீ படுத்துக்க. நான் பாத்துக்கறேன்."

மறுநாள் நடுப்பகலில் அவள் தெருவுக்குள் நுழைந்தபோது, அவளுடைய சட்டிபானைகள் வெளியே வைக்கப்பட்டிருந்தன. மணியம்மையைக் கெங்கம்மாள் இடுப்பில் இறுக்கியிருந்தாள். பிள்ளை கையை நீட்டியது. பூவம்மாள் பானைகளையும் தொடவில்லை, பிள்ளையையும் வாங்கவில்லை. நேரே சாவடிக்கு நடந்தாள். தெரு முழுக்க அவள் பின்னாலேயே வந்தது.

ஆள் அனுப்பி வரவழைத்த நாகேந்திரன் முன்பே வந்து உட்கார்ந்திருந்தான், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"சாட்சி சொல்லிட்டான். படத்துல மருந்து தெரிஞ்சிதாம்" என்றார் நாட்டாண்மை. "நீ சொன்ன சொல்லு இருக்குது."

"இருக்குது நைனா. நான் எங்கயும் ஓடல. சாட்சிய நானும் ஒரு கேள்வி கேக்கலாமா?" பெருமாள் பக்கம் திரும்பினாள். "பெருமாளு, எத்தினி படம் எடுத்தாங்க?"

"ரெண்டுக்கு மேல, அண்ணி."

"மொத படம் எப்ப?"

"காத்தால."

"அண்ணன் அந்த வெள்ளையக் குடிக்கறதுக்கு முன்னயா, பின்னயா?"

பெருமாள் தலையைச் சொறிந்தான். பொய் சொல்லத் தெரியாதவன் என்றேனே. "முன்ன. மொதல்ல ஒண்ணு எடுத்தாங்க. அப்பாலதான் ஒரு செம்பு அளவுக்குக் குடிச்சாரு."

பூவம்மாள் முதல் படத்தை எடுத்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். நாட்டாண்மை வந்து பார்த்தார். விலா எலும்பு தெரிந்தது, முதுகெலும்பு தெரிந்தது. வயிறு இருக்கும் இடத்தில் மங்கலைத் தவிர ஒன்றுமில்லை. இரண்டாவதைப் பிடித்தாள். நடுவே வெள்ளை மூட்டை.

"இதான் பெருமாளு பாத்த மருந்து. காத்தால கோப்பையில ஊத்திக் குடுத்தது. குடுத்தது ஆஸ்பத்திரிக்காரரு, குடிச்சது எம் புருசன், பாத்துகினு நின்னது உங்க சாட்சி. நான் வெச்சிருந்தா மொத படத்துல இருக்கணும். எங்க இருக்குது? காட்டுங்க."

கூட்டம் ஒருவர்மேல் ஒருவர் எட்டிப் பார்த்தது. "ஆங், எலும்புதான் தெரியுது" என்று ஒருவன் ஒப்புக்கொண்டான். பிடி நழுவுவதை நாகேந்திரன் பார்த்தான்.

"இடுமருந்து மிஷினு கண்ணுக்குத் தெரியாது! அது என் வாய்க்குத்தான் தெரியும். மூணு வாட்டி எடுத்துத் தட்டுல போட்டேனே, ஊரே பாத்துதே!"

"பாத்துது" என்றது கூட்டம். அதே கூட்டம்தான்.

"சரி" என்றாள் பூவம்மாள். "எடுத்துக் காட்டு. இங்கயே, இப்பவே."

"யாரு வயித்துலருந்து? உம் புருசன்தான் இல்லியே."

"நாட்டாண்மைக்கார நைனா வயித்துலருந்து எடு. அவரும் வூட்டம்மா பேச்சத் தட்டாத மனுசன்தான்."

சிரிப்பு வெடித்தது. கூட்டத்தில் நின்றிருந்த நாட்டாண்மை மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நாட்டாண்மைக்குக் கோபம் வந்ததோ சந்தேகம் வந்ததோ தெரியவில்லை. இரண்டு நாளாகத் தனக்கும் வயிறு சரியில்லை என்று சொல்லிக்கொண்டே கல்லில் மல்லாந்தார். நாகேந்திரனுக்கும் வேறு வழியில்லை. துணிப்பைப் பக்கம் கையை நீட்டினான்.

"இரு. பையத் தொடாத" என்றாள் பூவம்மாள். "ஆஸ்பத்திரியில எம் புருசன எப்படித் தயார் பண்ணாங்களோ, அப்படித் தயாராவு. வெளிய இருக்கறது உள்ளாற இருக்கறாப்போல தெரியக் கூடாதில்ல? காப்பக் கழட்டு. தலப்பாயக் கழட்டு. வெத்தலையத் துப்பிட்டு வாயக் கொப்பளி. அப்பால உறிஞ்சு. உருண்டை வந்தா நான் தாலியக் கழட்டிடறேன்."

காப்பையும் தலைப்பாகையையும் கழற்றி வைத்த நாகேந்திரன், "எங் குரு வாக்கு, வாயக் கொப்பளிச்சா மந்திரம் போயிடும்" என்றான்.

"மந்திரம் பல்லுலயா ஒட்டிகினு இருக்குது?" என்றான் எவனோ.

அடுத்து நடந்ததைப் பூவம்மாளே எதிர்பார்க்கவில்லை. கெங்கம்மாள் குழந்தையைக் கீழே இறக்கிவிட்டு, சாவடிப் பானையிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டுகொண்டு வந்தாள். அவள் மூடநம்பிக்கைக்காரிதான்; ஆனால் கள்ளி இல்லை. மகன் பிழைக்க வேண்டும் என்று நம்பியவள். இவன் எடுத்துப் போட்டது மகன் வயிற்றிலிருந்தா, தன் வாயிலிருந்தேதானா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

"கொப்பளிடா" என்றாள்.

"பாட்டி, அது வந்து..."

"எம் மருமவளத் தெருவுல நிறுத்தியிருக்கேன், ஒம் பேச்சக் கேட்டு. கொப்பளி!"

அவன் எழுந்து நழுவப் பார்த்தான். பின்னால் பெருமாள் நின்றிருந்தான். அரைகுறையாய்க் கேட்டு ஓடியவன் இப்போது அசையவில்லை. தண்ணீரை வாயில் வாங்கி, ஒருபக்கமாக ஒதுக்கி, நாசூக்காகத் துப்பினான் நாகேந்திரன். கெங்கம்மாள் விடவில்லை. இடது கையால் அவன் தாடையைப் பிடித்து, மீதித் தண்ணீரையும் வாய்க்குள் ஊற்றினாள். அவனுக்குப் புரையேறியது. இருமிய இருமலில் வெற்றிலைச் சாற்றோடு ஒன்று தெறித்து, படுத்திருந்த நாட்டாண்மையின் பக்கத்தில் கல்லின் மேல் விழுந்து உருண்டது. கறுப்பாக, பிசுபிசுவென்று, மயிர் சுற்றிய உருண்டை.

நாட்டாண்மையின் வயிற்றை இன்னும் யாரும் தொடக்கூட இல்லை.

கெங்கம்மாள் அதை எடுத்து மோந்தாள். நாக்கு நுனியில் வைத்தாள். "புளி" என்றாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். "புளியும் மயிரும்! இந்தப் புளிக்கு எம் மருமவளத் தாலியறுக்கப் பாத்தேனே!"

நாகேந்திரன் தலைப்பாகையைக்கூட எடுக்காமல் நகரி ரோட்டில் ஓடினான். விரட்டிக்கொண்டு போனவர்களில் பாதிப்பேர், நேற்று அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டவர்கள்.

நாட்டாண்மை எழுந்து உட்கார்ந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "சரிம்மா, ஆனது ஆச்சி. பஞ்சாயத்து உன்ன மன்னிச்சி உட்டுடுச்சி. பானையெல்லாம் எடுத்துகினு வூட்டுக்குப் போ."

நல்லபடியாக முடிந்தது என்று பெண்கள் சிலர் பானைகளை எடுத்து வைக்கப் புறப்பட்டார்கள்.

"நில்லுங்க" என்றாள் பூவம்மாள். "நைனா, மன்னிச்சீங்களா? நான் எப்ப மன்னிப்பு கேட்டேன்? தப்பு செஞ்சவங்களத்தான் மன்னிப்பாங்க. நான் இன்னா தப்பு செஞ்சேன்? சொல்லுங்க."

நாட்டாண்மை போகத் திரும்பினார்.

"இந்தத் தெருவுல ஆடு காணோம்னா தண்டோரா. வரி கட்டலேன்னா தண்டோரா. ஆறு மாசமா நான் மருந்து வெச்சேன்னு தண்டோரா இல்லாமலே எல்லாத் தெருவுக்கும் போயிருக்குது. அத யாரு திருப்பி வாங்கறது? நீங்கதான் வாங்கணும். பூவம்மா மருந்து வெக்கலன்னு இன்னிக்கே தண்டோரா போடணும். பஞ்சாயத்து தப்பாப் பேசிடுச்சின்னு அதுலயே சேத்துச் சொல்லணும். சொல்லி முடிச்சாத்தான் பானை உள்ள போவும்."

"பஞ்சாயத்து தப்புன்னு தண்டோராவா? அந்த மாதிரி வழக்கமே கெடையாதேம்மா!"

"தப்பா பேசற வழக்கம் இருக்குதில்ல? அப்ப இந்த வழக்கமும் இருக்கட்டும்."

முதலில் "போட்டுடுங்க" என்றது நாட்டாண்மையின் மனைவி. அடுத்து இன்னொரு பெண். பிறகு யார் யார் என்று எண்ண முடியவில்லை. தத்தம் வீட்டில் எப்போதோ அதே பழியைச் சுமந்தவர்கள், சுமக்கப் போகிறவர்கள், அத்தனை பேர் குரலும் சேர்ந்து எழுந்தது. நாட்டாண்மை இரண்டு பக்கமும் பார்த்தார். மீசைக்காரர்கள் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பொழுது சாய்வதற்குள் பறை முழங்கியது. மலைப்படிக்குப் போகிற தெரு, குளத்தங்கரை, கடைத்தெரு என்று ஒன்றுவிடாமல் முழங்கியது. "இதனால் சகலருக்கும் தெரிவிக்கிறது இன்னான்னா, ஆதிகேசவன் சம்சாரம் பூவம்மா மருந்து வெக்கல, பஞ்சாயத்துப் பேசினது தப்பு!" கடைசி வார்த்தையைத் தண்டோராக்காரன் மெதுவாக இழுத்தபோது, "சத்தமா சொல்லுடா!" என்று அதட்டினாள் கூடவே நடந்த கெங்கம்மாள். பானைகளை அவளே உள்ளே எடுத்து வைத்தாள். மணியம்மை அம்மாவின் தோளை விட்டு அன்று இறங்கவே இல்லை.

மறுநாள் படங்களைத் திருப்பிக் கொடுக்கப் பூவம்மாள் போனபோது அத்தையும் கூடப் போனாள். ஆபரேஷன் நடந்தது. புது வழி திறந்தது. பத்தாம் நாள் ஆதிகேசவன் ஒரு கிண்ணம் குழைந்த சோறு தின்றான். சாயங்காலம்வரை இரண்டு பேரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் வெளியே வரவில்லை. அடுத்த நடவுக்கு அவன் ஏர் பிடித்தான்.

அதன்பிறகு பூவம்மாளுக்கு ஓய்வில்லை. சுற்றுப்பட்டில் எந்த வீட்டில் எந்தப் பெண்ணின் மேல் 'மருந்து' என்ற சொல் விழுந்தாலும், அவள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாத அந்தக் கூலிக்காரி பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு எத்தனை பேரை அழைத்துப் போனாள் என்பதற்குக் கணக்கில்லை. ராஜமாணிக்கம் அவளைப் பார்த்தாலே, "இன்னாம்மா, இன்னிக்கு யாரு வூட்டு மருந்து?" என்பான். போன எல்லாருக்கும் நோய் தீர்ந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். சிலருக்கு வந்தது தீராத நோய். ஆனால் ஒரு படத்திலும் ஒரு பெண்ணின் கை தெரிந்ததில்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு விடியலில், பொதட்டூர்பேட்டையிலிருந்து தமயந்தி என்ற நெசவுக்காரப் பெண், எலும்பாய்த் தேய்ந்த புருஷனைக் கட்டைவண்டியில் போட்டுக்கொண்டு திருத்தணி ரயிலடிக்கு வந்து சேர்ந்தாள். பூவம்மாள் அங்கே காத்திருந்தாள். ரயில் வருகிற சத்தம் கேட்டதும் தமயந்தி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, பஞ்சாயத்துல சொல்லாமயே வந்துட்டேன். படம் கிடம் ஒண்ணும் வேணாம்னுட்டாங்க. அவங்க ஒத்துக்கலேன்னா?"

"அவங்க ஒத்துக்கற வரிக்கும் ரயிலு நிக்குமா?" பூவம்மாள் அந்த மனிதனின் ஒரு தோளுக்குக் கீழே தன் தோளைக் கொடுத்து நிமிர்த்தினாள். "அந்தப் பக்கம் நீ புடி. ஏறு."